உடுக்கை அடித்தால் அவளுக்குச் சாமி வரும்

தாணுலிங்கம் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே பலவேசம் வீடு தேடி வந்துவிட்டார். பலவேசம் வில்லுப்பாட்டுக்காரர். அவருடைய குழுவில் உடுக்கை அடிப்பவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். தெருவின் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது.

“வே, கப்பல்காரன் உம்மைக் கைகழுவிட்டாம்லா? இனி அம்மங்கிட்ட வாரும்.”

“கை மரத்துப் போச்சு வே.”

“விஞ்சு ஓட்டுன கை உடுக்கைக்கு மரத்துப் போச்சாக்கும்! சும்மா பிகு பண்ணாதீரும்.”

தாணுலிங்கம் சிரித்து வைத்தார். கை மரத்ததெல்லாம் இல்லை. பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி சண்முகத்தாயின் காதில் இந்தப் பேச்சு விழுகிறதா என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் கொடைக்கு உடுக்கை அடித்தவர் அவர்தான். சாமியை அழைக்கிற பாட்டில் அடி வேகமெடுத்ததும், பெண்கள் கூட்டத்திலிருந்து சண்முகத்தாய் எழுந்து ஆடுவாள். ஒவ்வொரு கொடைக்கும் அம்மன் அவள் மேல்தான் வந்தது. பிறகு அவருக்குக் கப்பலில் சரக்கு இறக்கும் விஞ்சில் வேலை கிடைத்தது. கரையில் கப்பல் நிற்கும்போது கொடைக்கென்று யார் லீவு தருவார்கள்? உடுக்கை பரணுக்குப் போயிற்று. வேறு ஆட்கள் அடித்தார்கள். சண்முகத்தாய்க்குச் சாமி வரவே இல்லை. அம்மனுக்குத் தாணுலிங்கத்தின் கைதான் பிடிக்கும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வேறு காரணம் இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

இப்போது அவளுக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருந்தது. படி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, படபடப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாமியாடலாமா என்று அவரிடம் கேட்கத் தாணுலிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது.

அவருக்குச் சாமி மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. நம்பாத ஒன்றுக்கு மனிதன் பயப்படுவானா என்றால், கூடுதலாகவே பயப்படுவான். நம்புகிறவனுக்குக் காப்பாற்று என்று கேட்க ஓர் இடமாவது இருக்கிறது.

மாட்டேன் என்று பலவேசத்திடம் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அதில் அவரை மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை; ஆசைதான். உடுக்கையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, உப்பளத்துப் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போனார். கடல் ஈரத்தில் தோல் தொய்ந்திருந்தது. காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி முறுக்கேற்றினார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடது கை அழுத்த, வலது கை விரல்கள் இறங்கின. முதலில் தடுமாறியது. அப்புறம் அடி தானாக ஓடியது. அத்தனை சுலபமாகத் திரும்பி வந்ததுதான் அவரை நடுங்க வைத்தது. கை மறக்கவில்லை என்றால், அதைக் கேட்டு எழுந்தவளும் மறந்திருக்க மாட்டாளே!

அன்று சோறு போடும்போது சண்முகத்தாய் கேட்டாள்: “பரண்ல இருந்த உடுக்கையக் காணோமே. எலி தூக்கிட்டுப் போயிட்டோ?”

“ஏளா, நீ கொடைக்கு வராண்டாம். கூட்டம், வெயிலு.”

“எந் தெருக் கோயிலுக்கு நான் வராண்டாமா? நல்லாருக்கு கதை.”

“டாக்டர் சொன்னாருல்லா?”

“படி ஏறாதன்னாரு. உக்காந்து பாட்டுக் கேக்காதன்னு சொல்லலியே. மீனை ஆற விடாம தின்னுங்க.”

கொடை நாளின் மதியப் பூசையான உச்சிக்கொடைக்குச் சண்முகத்தாய் பெண்கள் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பலவேசம் வீசுகோலால் வில்லைத் தட்டி அழைப்பைத் தொடங்கினார். அழைப்பு தொடங்கிவிட்டால், சாமி ஆடுகிறவரை விட்டு மலையேறும்வரை உடுக்கையை நிறுத்தக்கூடாது. ஆட்டத்தின் நடுவில் அடி நின்றால் ஆடுகிறவர் வெட்டிய மரம்போல விழுவார் என்பார்கள். எங்கோ ஒருத்தி அப்படி விழுந்து எழுந்திருக்கவே இல்லை என்றும் சொல்வார்கள்.

அடி ஏறியது. சண்முகத்தாயின் தோள் குலுங்குவதைத் தாணுலிங்கம் கண்டார். கொண்டை அவிழ்ந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். நிறுத்தவும் முடியாது, தொடரவும் முடியாது. கயிற்றிலிருந்து பிடியைத் தளர்த்தினார். ஒலி இறங்கியது. வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்.

“ஏத்தும் வே, ஏத்தும்!” என்று பாட்டின் நடுவே பலவேசம் பல்லைக் கடித்தார்.

தாணுலிங்கம் ஏற்றவில்லை. சண்முகத்தாய் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். அது அம்மனின் பார்வையில்லை, அவளுடையது. மெதுவாக உட்கார்ந்து கொண்டையை முடிந்துகொண்டாள். அந்தப் பூசையில் யார் மேலும் சாமி வரவில்லை. தெருவுக்கு என்ன கேடோ என்று கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பாயில் சரிந்தாள். மூச்சு இரைத்தது. தாணுலிங்கம் விசிறினார்.

“வேணும்னுதான இறக்குனீய?” என்றாள்.

“செத்துப் போயிருவ ஏளா.”

“போனா போறேன். இத்தன வருசமா ஒவ்வொரு கொடைக்கும் போயி உக்காந்துட்டு, ஒண்ணும் வராம எந்திரிச்சு வந்திருக்கேன். நீங்க கப்பல்ல கிடந்தீய, உங்களுக்கு என்ன தெரியும்? சாமி வந்த நேரத்துலதான் என் மாமியா உட்பட இந்தத் தெருவே என்னக் கையெடுத்துக் கும்பிட்டுது. அதெல்லாங்கூட விடுங்க. உள்ள ஒரு பாரம் இறங்குமே, அது எந்த மாத்திரையில வருது?”

அவர் விசிறியை மறு கைக்கு மாற்றினார்.

“சாயங்காலப் பூசைக்கு ஒழுங்கா அடிங்க. முடியலன்னா வேற ஆளுட்டக் குடுத்திருங்க, நான் கோச்சுக்க மாட்டேன். இறக்கி அடிச்சு ஏமாத்தாதீய, அவ்வளவுதான்.”

வேறு ஆள் அடித்தால் அவளுக்கு வராது. அது இருவருக்கும் தெரியும். அவர் தப்பிக்க அவள் திறந்துவிட்ட வழி அது. கோயிலுக்குப் போகும் வழி நெடுக அவர் அதையே நினைத்துக்கொண்டு போனார். பலவேசத்திடம் உடுக்கையை நீட்டக்கூடச் செய்தார்.

“என்ன வே, இத எதுக்கு எங்கிட்ட நீட்டுதீரு?”

“ஒண்ணுமில்ல,” என்று கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

விளக்கு ஏற்றினார்கள். சண்முகத்தாய் இந்தத் தடவை முன்வரிசைக்கே வந்திருந்தாள். அழைப்பு எழுந்தது. தாணுலிங்கம் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி அடித்தார். அடி ஏறியது, பிடியை அவர் தளர்த்தவில்லை. குலவைச் சத்தம் கிளம்பியது. அவளுடைய பாதங்கள் அவர் முன்னால் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்று ஆடின. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்க முடியாது. அந்தப் பாதங்கள் தானாக ஓயும்வரை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.