றெனோல்டின் குழுவும் ஒரு தவக்காலமும்

மன்னாரிலிருந்து கனடாவின் மொன்றியலுக்கு வந்த யோசெப், இமெல்டா தம்பதியரின் இளைய மகன் றெனோல்ட். பகலில் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை, மாலையில் கிற்றார். பள்ளித் தோழன் டனிஸ்ரன் ட்ரம்ஸ் அடிக்க, மச்சாள் றொஷினி பாட, மூவரும் டவுன்டவுன் மதுக்கூடங்களில் காதடைக்கும் றொக் இசை வாசித்து வந்தார்கள். பெரும் பெயர் கிடைக்கவில்லை. தேடி வந்து கேட்கும் ஒரு சிறு கூட்டம் மட்டும் இருந்தது.

ஒத்திகை பார்த்த கட்டடம் இடிபடவே, இமெல்டாவின் வீட்டுப் பேஸ்மென்ற்றுக்கு மாறினார்கள். விபூதிப் புதனன்று இமெல்டா படியில் நின்று சொன்னார்:

"தவக்காலம் துவங்கீட்டுது. ஈஸ்டர் வரும் மட்டும் இந்த வீட்டிலை உந்த இடிமுழக்கம் கேக்கப்படாது."

"அப்ப நான் என்னத்தை அன்ரி அடிக்கிறது?" என்றான் டனிஸ்ரன்.

"நெஞ்சிலை அடிச்சு மன்றாடு மோனை. புண்ணியமாவது கிடைக்கும்."

மின்சாரம் இல்லாத கிற்றாருடன் பழைய பாடல்களை வாசித்தபோது அவை தாமாகவே வேகம் குறைந்தன. றொஷினியின் சொற்கள் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டன. றெனோல்ட் பனியையும் நெடுஞ்சாலையையும் பற்றி, கன்றி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் சாயலில் புதிய பாடல்கள் கட்டினான். கை கட்டி உட்கார்ந்திருந்த டனிஸ்ரனைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு மனம் உறுத்தியது. இந்த இசை வளர்ந்தால் நண்பனுக்கு இதில் இடமிராது.

ஈஸ்டர் முடிந்து டனிஸ்ரன் ஆசை தீர அடித்தான். புதுப் பாட்டு அந்த ஓசைக்குள் அமிழ்ந்துபோயிற்று. றொஷினி பாதியில் நிறுத்தினாள்.

"பழசையே வாசிப்பம் மச்சான்," என்றான் றெனோல்ட்.

"பொய் சொல்லாதை. உனக்கு அது இனிமேல் வராது."

டனிஸ்ரன் பெரிய ட்ரம்மைக் கழற்றி மேலே தூக்கிச் சென்றான். பிறகு சிம்பல்களையும் மற்றவற்றையும் காரில் ஏற்றினான். றெனோல்ட் தடுக்கவில்லை, தடுக்கும் உரிமை தனக்கில்லை என்று நினைத்தான். கடைசியில் சிறிய ஸ்னேர் ட்ரம் ஒன்றுதான் எஞ்சியிருந்தது.

"உதையும் கொண்டு போவன்ரா," என்றான் றெனோல்ட்.

"ஏன், நாளைக்கு நான் அன்ரியின்ரை சட்டியிலையோ அடிக்கிறது? இது ஒண்டு காணும். உன்ரை புதுப் பாட்டுக்குத் தடி சரிவராது, மெல்லமாய்த் தட்டுற கம்பிப் பிரஷ் வாங்கோணும்."

றெனோல்ட் ஜக்கெற்றைத் தேடினான். இசைக்கருவிக் கடை பூட்டுவதற்குள் இருவரும் புறப்பட்டார்கள்.