மேல, கீய

அப்பா மார்ச்சில் இறந்தார். அவருடைய லோடு ஆட்டோ ஜூலை வரை தெருவோரம் நின்றது. எலி உள்ளே போய் வயரைக் கடித்தது. இண்டிகேட்டர் எதுவும் எரியவில்லை. திங்கட்கிழமை காலை வண்டியை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும்.

எனக்கும் அம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. வண்டி தேறினால் அம்மா ஓட்டுவாள். தேறாவிட்டால் விற்றுவிடுவோம். அம்மாவுக்கு நாற்பத்தொன்பது வயது. போன வருடம்தான் லைசென்ஸ் எடுத்தாள். இனி நடவுக்குப் போக மாட்டேன், வண்டிதான் ஓட்டுவேன் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். நான் விற்கச் சொன்னேன். பாதுகாப்பு இல்லை என்று காரணம் சொன்னேன். உண்மையில் அந்த வண்டியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்பாவின் பெயர் வேதகிரி. ஊர் உத்திரமேரூருக்குப் பக்கம். முதலில் கூலிக்குப் போனார், நாற்றுக்கட்டு சுமந்தார். அப்புறம் பத்தொன்பது வருடம் அந்த வண்டி. நெல் மூட்டை, செங்கல், கல்யாண பீரோ, சாமி சிலை எல்லாம் ஏற்றியிருக்கிறார். ஒருமுறை பொண்ணு மாப்பிள்ளை வந்த கார் வழியில் நின்றுவிட, பீரோவை இறக்கி வைத்துவிட்டு அவர்களை ஏற்றி வந்தார். மாப்பிள்ளை, தானே பீரோவுக்குக் காவல் நிற்பேன் என்று அடம் பிடித்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். ஒரே ஒரு விஷயம் அவருக்கு வரவே இல்லை. இடது, வலது. எங்கள் பக்கத்து வழக்கில் மேலண்ட என்றால் மேற்குப் பக்கம், கீயண்ட என்றால் கிழக்குப் பக்கம். அப்பாவின் உலகத்தில் இந்த இரண்டும் வடவண்டையும் தென்னண்டையும்தான் உண்டு. சாப்பிடும்போது, "அந்தக் கொழம்ப வடவண்ட தள்ளு" என்பார். "மேலண்ட கண்ணு அரிக்கிது" என்பார். அவர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்துவிட்டு அம்மா மருந்து விடுவாள்.

லைசென்ஸ் டெஸ்டில் அதிகாரி, "லெஃப்ட்ல திருப்பு" என்றிருக்கிறார். அப்பா வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டிச் சூரியனைப் பார்த்திருக்கிறார். உச்சி வெயில். சூரியன் நேர் மேலே. "சார், கீயண்டயா, மேலண்டயா?" அன்றைக்குத் தேறவில்லை. அடுத்த முறை காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் முதலாவதாக நின்றார். தேறிவிட்டார்.

நான் இளமதி. டிப்ளமா எலெக்ட்ரிக்கல். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு நானூறு வயரிங் சோதிப்பேன். ஒவ்வொரு வயருக்கும் ஒரு நிறம், ஒரு எண்.

ஞாயிறு காலை டிரைவர் சீட்டைத் தூக்கினேன். எல்லா வயரும் சிவப்பு.

"திருவிழாவுல சீரியல் லைட்டு போட்டவங்க ஒரு சுருள் மிச்சம் வெச்சிட்டுப் போனாங்கோ. அண்ணன் அதையே வண்டி முச்சூடும் இஸ்துட்டாரு" என்றார் பாண்டியன். கூட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், அப்பாவின் கூட்டாளி. பாட்டரியை சார்ஜ் செய்து கொண்டுவந்து மாட்டியவர் அவர்தான். முந்தின நாள் மழை வரும்போல் இருந்ததால் நானும் அவரும் வண்டியைத் தெருவிலிருந்து தள்ளி எங்கள் கொட்டகைக்குள் விட்டிருந்தோம்.

வரிசையாகப் பார்த்தேன். ஃபியூஸ் சரி. ஃபிளாஷர் சரி. சுவிட்சிலிருந்து வரும் இரண்டு வயரிலும் டெஸ்ட் லாம்ப் எரிந்தது. இடது எது, வலது எது என்பதும் தெரிந்தது. கோளாறு சீட்டுக்கு அடியில்தான். அங்கிருந்து நான்கு விளக்குகளுக்கும் நான்கு வயர் போகிறது. நான்கையும் எலி துண்டாக்கியிருந்தது.

எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது? மீட்டரை வைத்தேன். பல்புகள் எல்லாம் ஒரே எர்த்தில் இருப்பதால் எந்த வயரைத் தொட்டாலும் 'பீப்' என்றது. பல்பைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். ஆனால் அவை துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. திருகினால் உடையும். ஞாயிற்றுக்கிழமை பல்பு வாங்கக் கடை இல்லை. பாட்டரியிலிருந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு வயரிலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒரு துண்டு சுற்றியிருந்தது. அதில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. இரண்டில் 'மேல'. இரண்டில் 'கீய'.

அப்பாவின் எழுத்து. பிளாஸ்திரியின் ஓரத்தில் கிரீஸ் படிந்த விரல் அச்சு. நான் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை. பாண்டியன் எழுந்து போய் வெளியே பீடி பற்றவைத்தார்.

பிறகு யோசித்தேன். முன் விளக்குகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கின்றன. பின் விளக்குகள் பாடிக்கு அடியில். ஆக, 'மேல' என்றால் முன் விளக்கு. 'கீய' என்றால் கீழே, அதாவது பின் விளக்கு. எழுத்துப்பிழை, அவ்வளவுதான். இடது சுவிட்சுக்கு ஒரு 'மேல', ஒரு 'கீய'. வலதுக்கு மற்ற இரண்டு. முறுக்கினேன். டேப் சுற்றினேன். இடது போட்டேன்.

"யம்மா, எது எரியிது?"

அம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். "முன்னால ரெண்டும் எரியிது."

வலது போட்டேன். "இப்போ?"

"பின்னால ரெண்டும்."

"சூப்பரு பாப்பா" என்றார் பாண்டியன். "முன்னால போனா அது, ரிவர்ஸ் எடுத்தா இது. நாளிக்கு ஆபீசரு எழுந்து நின்னு சலாம் வெப்பாரு."

"சும்மா கிட பாண்டியா. அது படிச்ச பொண்ணு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு 'மேல'யையும் இடம் மாற்றினேன். இப்போது இடது போட்டால் வலது முன் விளக்கும் இடது பின் விளக்கும் எரிந்தன. எதிரெதிர் மூலை.

"இது நண்டுக்கு கரீட்டா இருக்கும்" என்றார் பாண்டியன்.

அம்மா பக்கத்தில் வந்து குனிந்தாள். "இன்னாடி எழுதி கீது அதுல?"

"மேல, கீயன்னு எழுதியிருக்காரு. மேல இருக்கறது முன் லைட்டு, கீழ இருக்கறது பின் லைட்டு."

அம்மா என்னைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. வண்டியின் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, உங்கப்பன் கூட இத்தினி வருசம் இருந்தியே! அது மேல கீய இல்லடி. மேலண்ட. கீயண்ட."

மேற்கு. கிழக்கு. வண்டிக்குள் இடது வலது எழுதத் தெரியாமல், திசையை எழுதி வைத்திருக்கிறார். ஓடுகிற வண்டிக்கு. ஓட ஓடத் திசை மாறுகிற வண்டிக்கு. நானும் சிரித்தேன். பாண்டியன் பீடியை அணைத்துவிட்டு வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்.

சரி. இரண்டு 'மேல'யும் ஒரு பக்கம், இரண்டு 'கீய'வும் மறுபக்கம். எந்தப் பக்கம்? சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வண்டி தெற்கே பார்த்து நிற்கிறது. மேற்கு என் வலது கைப் பக்கம். 'மேல'யை வலது சுவிட்சுக்குக் கொடுத்தேன். முறுக்கி, டேப் சுற்றி, வலது போட்டேன்.

"எரியிது, எரியிது! முன்னாலயும் எரியிது, பின்னாலயும் எரியிது!" என்று அம்மா கத்தினாள். பிறகு, "எடது பக்கம் எரியிது" என்றாள்.

நான் இறங்கி வந்து பார்த்தேன். ஆமாம், இடது.

"ஒரு நாளாச்சும் உங்கப்பா மூக்க உள்ள வுட்டு நிறுத்தி கீறாரா?" என்று கேட்டாள் அம்மா. "ரிவர்ஸ்லதான வுடுவாரு. காலீல எழுந்தா நேரா தெருவுக்குப் போவணும் அவுருக்கு."

உண்மைதான். எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. பத்தொன்பது வருடமும் வண்டி ரிவர்ஸில் கொட்டகைக்குள் போய், வடக்கே தெருவைப் பார்த்து நின்றது. அதன் இடது எப்போதும் மேற்குதான். நானும் பாண்டியனும்தான் முந்தின நாள் அதைத் திருப்பி விட்டோம். அப்பா எழுதியது சரி. கம்பெனியில் எங்கள் வரைபடங்களின் தலைப்பில், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்பதாக வரைந்தது என்று ஓர் அம்புக்குறி இருக்கும். அவர் அந்த அம்புக்குறியைப் போடவில்லை, அவ்வளவுதான். வண்டியே அம்புக்குறி.

மாற்றினேன். இடது போட்டால் இடது. வலது போட்டால் வலது. பாண்டியன் தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தி இரண்டையும் காட்டினார்.

அந்தப் பிளாஸ்திரிகளை நான் எடுக்கவில்லை. என்னிடம் சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் இருந்தது, கண்ணாடி போல் தெரியும் வகை. ஒவ்வொரு பிளாஸ்திரி மேலும் அதை ஏற்றி, லைட்டரால் சூடு காட்டினேன். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் போகாது.

திங்கட்கிழமை அம்மா ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைதானத்தில் அதிகாரி முன்னால் வந்து நின்றார்.

"லெஃப்ட் போடுங்கம்மா."

அம்மா தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தாள். பிறகு போட்டாள். இடது.

"ரைட்."

வலது.

அவர் பின்னால் போய் மறுபடி இரண்டையும் போடச் சொன்னார். பிரேக் பார்த்தார், ஹாரன் அடிக்கச் சொன்னார். தாளில் எழுதினார். தேறியது.

"மேல இன்னாத்த பாத்த?" என்று கேட்டேன்.

"மழ வருமான்னு பாத்தேன். எனுக்கு லெப்ட்டு ரைட்டு தெரியும்டி. நான் இன்னா உங்கப்பனா?"

திரும்பி வரும்போது தெற்கே வந்தோம். ஊர்ப் பாதை பிரியும் இடத்தில் அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பின்னால் ஒரு டிராக்டர் நெல் மூட்டையோடு காத்து நின்றது.

"எறங்கு" என்றாள்.

"எதுக்கு?"

"கீயண்ட திரும்பப் போறேன். லைட்டு எரியிதா பாரு."

இறங்கினேன். இடது முன் விளக்கு எரிந்து அணைந்தது. பின்னால் போனேன். இடது பின் விளக்கும். நிமிடத்துக்கு எண்பது தடவைக்கு மேல் இருக்கும். சரியான வேகம்.

"எரியுதும்மா!"

"அப்ப ஏறு. பின்னால ஆளு ஹாரன் அட்ச்சிக்கினு கீறான் பாரு."

ஏறுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டாள். நான் இரண்டடி ஓடி ஏறினேன்.