அம்பிட்டியவிலிருந்து ஒரு பச்சைக் கோப்பை

காலை ஆறரைக்குத் தெல்தெனியவில் பஸ் ஏறினேன். கண்டிக்கு நூற்றுப் பத்து ரூபாய். ஏறும்போதே முழங்கால் வலித்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் திகன வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். வழியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்ப்பதற்காகவே வெள்ளைக்காரர்கள் வருகிறார்களாம். எனக்கு அந்தத் தண்ணீர் புதிதல்ல. பழைய தெல்தெனிய டவுன் அதற்குள் மூழ்கியபோது, ஒரு சாக்குத் தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு டவுனில் மூன்று கதவுக் கடை. அலுமினியம், பிளாஸ்டிக், எவர்சில்வர், பீங்கான் என்று என் கடையில் இல்லாத பாத்திரம் கிடையாது.

என் சம்சாரம் கனகம் பிடித்துக் குடிக்க ஒரு டீக் கோப்பை மட்டும் அங்கே இல்லை.

அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம். பீங்கான் கோப்பையின் கைப்பிடிக் காதுக்குள் வீங்கிய விரல் நுழைவதில்லை. டம்ளர் சுடுகிறது. போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், அத்தனை பேர் முன்னாலும் கோப்பை நழுவிப் பட்டுச்சேலை முழுக்க டீ கொட்டிவிட்டது. அதற்குப் பிறகு அவள் யார் வீட்டிலும் வாய் நனைப்பதில்லை. கொஞ்ச நாளில் யார் வீட்டுக்கும் போவதையே நிறுத்திவிட்டாள். வலது கை எப்போதும் சேலைத் தலைப்புக்குள்ளேயே இருக்கும். என் கண்ணுக்கும் காட்டமாட்டாள். டாக்டரிடம் மகள்தான் கூட்டிப்போவாள்.

கண்டியில் இறங்கி, அம்பிட்டிய பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து மேட்டில் கால் மைல் நடந்தேன். நல்ல மழை. இரண்டு இடத்தில் மதிலைப் பிடித்து நின்றேன். ஒன்பதரை மணிக்குச் சுகந்தியின் பட்டறை வந்தது. சுகந்தி யாழ்ப்பாணத்துப் பெண். வங்கி வேலையை விட்டுவிட்டு, ஹோட்டல்களுக்கு மண் கோப்பை செய்து கொடுக்கிறார். தெல்தெனியப் பக்கம் சரக்குக் கொண்டுவந்தபோது என் கடையில் பழக்கம். நான் போனில் சொன்னபடி முந்தின நாளே கோப்பையைச் சக்கரத்தில் சுற்றி, காது வைக்காமல், நகம் பட்டால் மட்டும் பதிகிற அளவுக்கு இறுகவிட்டிருந்தார்.

"வாங்கோ ஐயா. கதிரையிலை இருங்கோ. நல்லா இளைக்குது உங்களுக்கு."

"இளைப்பெல்லாம் இல்லம்மா. மூட்டை தூக்கின உடம்பு இது."

"சரி, மூட்டையை இறக்கிப்போட்டு இருங்கோ. அம்மாவுக்கு எந்த விரல் மடங்கும்?"

"எல்லா விரலும் உள்ள போற மாதிரி பெருசா வச்சிருங்க."

"அது சரிவராது ஐயா. ஓட்டை பெரிசெண்டால் கோப்பை ஒரு பக்கம் சரிஞ்சுபோடும். மடங்கிற விரலுக்குத்தான் காது வைக்கலாம்."

"நான் கண்ணால அளந்தே முப்பது வருஷமா சாமான் விக்கிறவன்மா."

"அப்ப சொல்லுங்கோவன்."

ஒரு விரலை நீட்டினேன்; அதுதானா என்று நிச்சயமில்லாமல் இறக்கிக்கொண்டேன்.

"அவவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"வரமாட்டா. கையை யாருக்கும் காட்டமாட்டா."

"உங்களுக்குமோ?"

"நீங்க வேலையைப் பாருங்கம்மா."

அவர் ஒரு மண் உருண்டையை இடது கையில் தொங்கப் பிடித்து, வலது கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, பால் கறக்கிற மாதிரி மேலிருந்து கீழாக உருவினார். மண் நாக்கு மாதிரி நீண்டு வந்தது. இதென்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு உருண்டையை எடுத்து உருவினேன். பாதியில் அறுந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் விழுந்தது.

"மெதுவா ஐயா, மாடு உதைக்கப்போகுது!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் சாப்பிட்ட பாண் துண்டு எப்போதோ கரைந்திருந்தது.

கோப்பையின் பக்கவாட்டில் இரண்டு இடத்தில் முள்ளுக்கரண்டியால் கீறி, மண்குழம்பு தடவி, உருவிய மண்ணின் ஒரு நுனியை மேலே ஒட்டினார். அதை வளைத்துவிட்டு, மறுநுனியைக் கீழே ஒட்டினார். சேருகிற இடத்தை விரலால் வழித்துவிட்டார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடிப்பான காது. அதன் வளைவுக்குள் காகிதம் திணித்து, ஈரத் துணி சுற்றி, பொலித்தீனால் மூடி, மேலே ஒரு வெள்ளைத் துணியால் கட்டினார்.

"அவவின்ரை கை இஞ்சை வராட்டி, கோப்பை அங்கை போகட்டும். காது பச்சையா இருக்கேக்கை அவவே பிடிச்சு அமத்தட்டும். காலமை கொண்டுவாங்கோ, காயவிட்டுச் சுட்டுத் தாறன். காதிலை மட்டும் தூக்கிப்போடாதேங்கோ."

"நாளைக்கும் வரணுமா?"

"ஓம்."

அந்த மேட்டை நினைத்தாலே கால் கடுத்தது.

கண்டியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நல்ல நெரிசல். வெள்ளைத் துணி சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வியாபாரி. கொஞ்ச நேரம் பொட்டலத்தையே பார்த்தவர், மெதுவாக விலகி உட்கார்ந்தார்.

"பெரியவர், ஊட்டுல யாரும் மௌத்தா?"

அஸ்திக் கலசம் என்று நினைத்துவிட்டார்.

"அட, யாரும் சாகல தம்பி. வீட்டுக்காரி டீ குடிக்கிற கப்பு. இன்னும் பச்சை மண்ணு."

"அல்லாஹ்! நான் ஒங்களுக்காக துஆவும் கேட்டுட்டேன்!"

"பரவால்ல, கப்புக்கு ஆகட்டும்."

குண்டசாலைக்கிட்டே டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தார். நின்றவர்கள் எல்லாரும் என் பக்கம் சாய்ந்தார்கள். வியாபாரி முன் சீட்டுக் கம்பியில் கையை ஊன்றி, தோளைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தார். திகனவில் இறங்கும்வரை அப்படியே இருந்தார். எனக்குத் துணியைப் பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு மணிக்கு வீடு. மேசையில் வைத்துப் பிரித்தேன். காது கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஒட்டு விடவில்லை. கனகம் நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"இந்த மண்ணுக்கா மழையில அம்பிட்டிய வரைக்கும் போனீங்க? கடையில ஆயிரம் கப்பு கிடக்கு."

"அதெல்லாம் ஊருக்கு. இது ஒனக்கு. புடிச்சு அமத்து."

அவள் நகரவில்லை. மேசைக் கதிரையில் சாய்ந்தேன்.

"அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

கதிரையை அலுமாரிப் பக்கம் திருப்பி உட்கார்ந்தேன். அலுமாரிக் கண்ணாடியிலும் தெரியும் என்பதால் கண்ணையும் மூடிக்கொண்டேன். வளையல் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் தூங்கியும்விட்டேன் போலிருக்கிறது.

"எத்தனை நாள்ல சுட்டுத் தருவாங்களாம்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"கேக்கல. நாளைக்குப் போறப்ப கேக்கிறேன்."

"குடையை எடுத்துக்கிட்டுப் போங்க."

கோப்பையைப் பார்த்தேன். காதின் மேலே கட்டைவிரல் அமுங்கிய ஒரு பள்ளம். கீழே, பக்கவாட்டில் சரிந்தபடி இரண்டு பள்ளம். மற்ற விரல்களுக்கு இடமே இல்லை. இத்தனை நாள் தலைப்புக்குள் இருந்த கையைச் சேற்றில் பதிந்த தடமாக அன்றுதான் பார்த்தேன். அந்தப் பள்ளங்களுக்கு மேலே, மண்ணைத் தொடாமல், என் விரல்களை அதே மாதிரி மடக்கிப் பார்த்தேன். நல்ல விரல்களுக்கு அப்படி மடங்க வரவில்லை.

துணியை மறுபடி நனைத்துச் சுற்றினேன். காலையில் ஆறரைக்குப் பஸ்.