பல்பொடியான கோட்டை

நேற்று எதிர்வீட்டுச் சுவரை இடித்தார்கள். மழையில் நனைந்த உடைசெங்கல்லின் வாடை வந்ததுமே என் பற்களுக்கிடையில் மணல் நறநறத்தது. வெள்ளைக்காரன் காலத்தில், கடல் கடந்து கூலிக்குப் போன கிள்ளான் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த குன்றின்மேல், ஆலவேர் பிளந்துபோட்ட ஒரு பழைய செங்கல் கோட்டை கிடந்தது. எந்த ராஜா கட்டினார், யாரோடு சண்டை போட்டார் என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது, ஆனால் அந்தச் செங்கல் இடித்தால் மாவாக உதிரும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், அதில்தான் அத்தனை வீட்டிலும் பல் விளக்கினோம்.

கல் பொறுக்கி வருவது என் வேலை. ஒருநாள் கிடைத்த கல்லில், சூளைக்குப் போகுமுன் ஈரத்தில் ஏதோ ஒரு குழந்தை பதித்த கை இருந்தது. என் கையை வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது. பயந்துபோய் அம்மாவிடம் காட்டினேன்.

"அதுக்கென்னடி, நல்ல பழங்கல்லு, நைசா வரும்" என்று வாங்கி உரலில் போட்டாள். 

மறுநாள் காலையில் எல்லோரோடும் நானும் அந்தப் பொடியில் பல் விளக்கினேன். கொப்பளித்துத் துப்பியதெல்லாம் சிவப்பாக வாய்க்காலில் ஓடியது. கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. அதை மட்டும் இன்றுவரை துப்ப முடியவில்லை.