ஒரு நேரத்துக்கு ஒரு காது

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். பள்ளியில் விழுந்த பட்டப்பெயர் ஒத்தக்காது. பிறந்ததிலிருந்தே இடது காது கேட்காது. "அதனால என்ன, ஊர் வம்புல பாதிதான் என் காதுல விழுது" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் எங்கே ஒரு சத்தம் காணாமல் போனாலும் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்படுவாள்.

அப்படிப்பட்டவளுக்கு, மெட்டுக் கட்டும் வசதியுள்ள ஒரு பழைய கையடக்க வீடியோ கேம் கருவியால் இசைப் பைத்தியம் பிடித்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பொத்தான்களைத் தட்டித் தட்டி, அதில் இரண்டு நிமிட மெட்டு ஒன்றைக் கட்டியிருந்தாள். நடன வகுப்பு நடத்தும் நாத்தனாருக்காக. இடது ஸ்பீக்கர் கேள்வி கேட்கும், இடது வரிசைப் பிள்ளைகள் ஆடுவார்கள். வலது ஸ்பீக்கர் பதில் சொல்லும், வலது வரிசை ஆடும். நேற்று இரவு அதை நாத்தனாரின் லேப்டாப்பில் பதிந்தும் கொடுத்துவிட்டாள். இன்று மாலை ஐந்து மணிக்கு மேடை.

மதியம் இரண்டு மணிக்கு நாத்தனார் லேப்டாப்பும் கையுமாகக் கடைக்குள் பாய்ந்தாள்.

"அண்ணி, கவுத்துட்டீங்களே! பதிவுல கேள்வி மட்டும்தான் இருக்கு, பதிலே வரல. வலது வரிசை எட்டுப் பேரும் கம்பம் மாதிரி நிக்குதுங்க!"

அவள் தன் இடது காதைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் பாதிதான் கேட்டுச்சு. மிச்சம் என் செவிட்டுப் பக்கம் போயிருக்கும்னு விட்டுட்டேன்டி."

"நல்லா விட்டீங்க போங்க!"

பரிசோதனை நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு அவள் வேலையில் இறங்கினாள். முதலில் ஹெட்போனைக் கருவியிலேயே நேராகச் செருகினாள். வலது காதில் பதில் கேட்டது. ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினாள். இப்போது அதே காதில் கேள்வி! கருவியில் இரண்டும் இருக்கிறது. கேபிளை மாற்றி லேப்டாப்பில் பதிந்து பார்த்தாள். மறுபடியும் கேள்வி மட்டும். கேபிளும் தப்பித்தது.

"அம்மா, இந்தக் கண்ணால எல்லா எழுத்தையும் படிச்சாச்சு" என்றார் டிரைவர். "அடுத்த கண்ணுக்குப் போகலாமா, இல்ல இப்படியே வீட்டுக்குப் போகவா?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். லேப்டாப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு ஓட்டை, பக்கத்தில் மைக் படம்.

"அடியே, இது மைக் ஓட்டை! ஒரு பக்கத்தைத்தான் உள்ள வாங்கும். உன் லேப்டாப்பும் ஒத்தக்காதுடி!"

"ஐயோ, இனிமே எங்க போய் வேற மெஷின் தேடறது?"

"தேட வேணாம். இவருக்குச் செய்யறதையே இதுக்கும் செய்வோம். ஒரு பக்கத்தை மூடு, ஒரு பக்கத்தைப் பதி. அப்புறம் மாத்து. கருவி எத்தனை தடவை வாசிச்சாலும் வேகம் துளி மாறாது."

"அப்ப என் கண்ணு?"

"ரெண்டு நிமிஷம் சார்."

"ரெண்டு பக்கம்னா நாலு நிமிஷம்மா" என்றார் டிரைவர், கையை எடுக்காமலே.

ஸ்பீக்கருக்கென்று நாத்தனார் பையில் வைத்திருந்த கேபிளின் ஒரு முனை வெள்ளை, சிவப்பு என்று இரண்டு வாலாகப் பிரிந்திருந்தது. இடது பக்கத்துக்கான வெள்ளை வாலை மட்டும் ஒரு கன்வெர்ட்டர் பின் வழியாக மைக் ஓட்டையில் செருகிக் கேள்வியைப் பதிந்தாள். அடுத்து வலதுக்கான சிவப்பு. பதில் வந்தது! மெட்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு 'டக்' விழும்படி வைத்திருந்தாள். திரையில் அந்த இரண்டு 'டக்'கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நகர்த்தி, முதல் பதிவை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினாள்.

"இதுக்கு மேல என் காது போதாது. நீ கேளு."

நாத்தனார் ஹெட்போனை மாட்டினாள். முதலில் இடது கால் தட்டியது. அப்புறம் வலது. அப்புறம் அவள் குதித்த குதியில் எழுத்துப் பலகை ஆணியோடு கழன்று விழுந்தது.

"போச்சு, என் அடுத்த கண்ணு!" என்றார் டிரைவர்.

ஐந்து மணிக்கு அவள் அரங்கின் கடைசி வரிசையில் நகத்தைக் கடித்தபடி நின்றாள். 'டக்' விழுந்தது. இடது வரிசை எட்டுப் பேரும் ஆடிக் கேட்டார்கள். ஒரு நொடி. வலது வரிசை எட்டுப் பேரும் ஆடிப் பதில் சொன்னார்கள்.

சத்தம் இடமும் வலமுமாகப் பிரிந்து வருவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது பார்த்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கி, "என் காது மேல தப்பே இல்லைங்க!" என்று கத்தினாள்.