அப்பா வெளியே இருக்கட்டும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா, பேசுவதை எழுதிக்கொள்ள ஒரு இளம்பெண், செம்பூரிலிருந்து வந்த ஒரு தாய், சிகிச்சையில் இருக்கும் அவருடைய மகன், என் மகள், நான். ஆறு பேர். என் மனைவிக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகளை வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. அதில் எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தாராவியில் பெல்ட் தைப்பவன். பெரிய இடத்தில் குறை கேட்கிறார்கள் என்றாலே அதில் ஏதோ வினை இருக்கும் என்று நினைப்பவன். பஸ்ஸிலேயே மகளிடம் சொல்லிவைத்தேன்.

"ஏட்டி, எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிரு. குறை சொன்னா மாத்திரையை நிறுத்திருவாவ."

"குறை கேக்கத்தானப்பா கூப்பிட்டிருக்காவ."

"அவிய கேப்பாவ. கேட்டா நீ சொல்லிருவியா?"

அவளுக்குப் பதினேழு வயது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டத்தில் எல்லாம் இந்திதான். ஆராய்ச்சிக்காக முன்பு ஒவ்வொரு பிள்ளையிடமும் எடுத்த முதல் பேட்டியில் எது பிடிக்கவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். செம்பூர்ப் பையன், "டீ" என்றான். எல்லோரும் சிரித்தோம். இதோடு போய்விடும் என்று எனக்கு மூச்சு வந்தது.

அப்போது என் மகள் சொன்னாள்: "கேள்வி கேக்கும்போது அப்பாவை வெளியே இருக்கச் சொல்லுங்க."

"ஏன்மா?"

"செத்துப்போகணும்னு தோணுதான்னு கேட்டீங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா 'நஹீ, நஹீ'ன்னாரு. நீங்களும் அதையே எழுதிக்கிட்டீங்க."

அவள் சொன்னது உண்மை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரி அதே ஆஸ்பத்திரியில் ஆயா. அந்தக் கேள்வி வந்தபோது அவள் அந்த அறை வாசலில் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். நாளைக்கு என் மகளைப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்றுதான் எனக்கு ஓடியது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப கேட்டா என்ன சொல்லுவே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சற்று நேரத்தில் செம்பூர்த் தாயும் மகனும் வந்தார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமலே போனார். கதவில் காதை வைக்கலாமா என்று இருந்தது. வைக்கவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது.

டாக்டரம்மா வெளியே வந்து, "இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது. வார்டில் இருக்கட்டும்" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

கருத்துச் சொன்ன பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் உண்டாம். எழுதிக்கொண்டிருந்த பெண் கவரை எடுத்தாள். நான் கையை நீட்டினேன்.

"உங்ககிட்ட தரமுடியாது, அங்கிள். வார்டுலேர்ந்து வந்ததும் அவ கையிலதான் தரணும்."

மறுநாள் பார்க்கப் போனபோது மகள் கேட்டாள்: "என் துட்டை வாங்கிட்டியாப்பா?"

"உன் கையிலதான் குடுப்பாவளாம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இதை எழுதும்போதும் வார்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் வரவேண்டியது ஐந்நூறு ரூபாய்.