வீட்டுக்கு வந்த புள்ளி

இது நடந்தது. கதை கட்டத் தெரிந்த ஆள் இல்லை நான்; ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் நோண்டிக்கொண்டு கிடப்பவன். எனக்கு எதற்கும் பதிவு வேண்டும், நேரம் வேண்டும். இதற்கும் இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு வரி. இதுவரை மூன்று பேருக்குக் காட்டியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும். இது ஆரம்பித்தது சாயங்காலம் 4:52க்கு.

பயணத்துக்கும் எனக்கும் ராசியே கிடையாது. ஆன்டெனாக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தப்பான ரயிலில் ஏறியிருக்கிறேன். ஆளில்லாத ஸ்டேஷனில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். ஒரு போலீஸ்காரர் அந்தக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கம் வெடிக்கும்?" என்று கேட்டார். கடைசியில் என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீங்க எங்க மாட்டிக்கிட்டு முழிக்கறீங்கன்னு எனக்கு வீட்ல இருந்தே தெரியணும். ஊருக்கெல்லாம் என்னென்னமோ செஞ்சு குடுக்கறீங்க இல்ல? எனக்கும் ஒண்ணு செய்யுங்க."

செய்தேன். பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி கிடைத்தது. சோப்பு டப்பா அளவுதான். காரில் வைத்துவிட்டால் நிமிஷத்துக்கு ஒரு தடவை, கார் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று ரேடியோவில் சொல்லும். மலைமேல் இருக்கும் எங்கள் ரேடியோ சங்கத்துக் கோபுரம் அதை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி நகரும். என் ஆறு வயது மகளுக்கு, பொடிசு என்றுதான் கூப்பிடுவோம், அந்தப் புள்ளிதான் அப்பா. புள்ளி தெருவுக்குள் நுழைந்தால் கதவைத் திறக்க ஓடுவாள்.

பெட்டியை முதல் தடவை கம்ப்யூட்டரில் மாட்டியபோது பழைய சொந்தக்காரர் எழுதி வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. வண்டி எண் 7. ஒரு குட்டிக் காரின் படம். எல்லாம் நிரம்பியிருந்தது. ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. 'வீடு' என்ற கட்டம்.

மறந்திருப்பார் என்று நினைத்தேன். பழைய பெட்டி வாங்கினால் முதலில் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். எங்கள் பொழுதுபோக்கில் அது அரிச்சுவடி. நான் அழிக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன? காலிக் கட்டத்தில் எங்கள் வீடு இருக்கும் இடத்தை எழுதினேன். மூடிவிட்டேன்.

அந்தக் கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழை நாளில், கோபுரத்து ரேடியோ படுத்துவிட்டது. நான் காரிலும் ஏணி தன் வேனிலுமாகப் போனோம். ஏணி என் கூட்டாளி. எந்தக் கோபுரமானாலும் கை நடுங்காமல் ஏறுவான், அதனால் அந்தப் பேர். வேலை முடிந்தது. பூட்டிவிட்டு வருகிறேன் என்று அவன் மேலேயே நின்றுகொண்டான். நான் முதலில் கிளம்பினேன்.

இறக்கத்தில் பதினோராவது கொண்டை ஊசி வளைவு. பின் டயர் 'டப்'பென்று வெடித்தது. 4:52.

மாற்று டயர்? ஆன்டெனாக் குழாய்க்கு இடம் வேண்டும் என்று அதை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். ஏணிக்குப் போன் போட்டேன்.

"இடி நின்னாத்தான்டா நான் வேனை எடுக்க முடியும். ஒரு மணி நேரம் ஆகும். அங்கேயே கிட," என்றான். சிரித்துவிட்டு வைத்தான்.

போனில் சார்ஜ் பதினான்கு சதவீதம். நம் மூளை சும்மா இருக்குமா? பெட்டியின் பேட்டரியைக் கழற்றிப் போனுக்கு மாட்டினேன். 4:58. பெட்டி இப்போது வெறும் டப்பா. என் மடியில் கிடந்தது.

4:59க்கு அதன் விளக்கு ஒரு தடவை மின்னியது.

உள்ளே கொஞ்சம் மின்சாரம் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். 5:00க்கு மறுபடி மின்னியது.

5:11. மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, மழையில மெதுவா வாங்க. பாலத்தைத் தாண்டிட்டீங்க போல?"

"பாலமா? நான் மலையிலயே நிக்கறேன். டயர் போயிடுச்சு."

"சும்மா கதை விடாதீங்க. புள்ளி நகருதே."

சிரித்தேன். பழைய தகவல் தாமதமாக வருகிறது என்று விளக்கினேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. காலையில் வந்தபோது நான் பாலம் வழியாக வரவே இல்லை.

5:31. மறுபடி அவள்.

"ரயில்வே கேட் தாண்டியாச்சு."

"வேகம் எவ்வளவு காட்டுது?"

"நாப்பது. அப்பலேர்ந்து நாப்பதுதான்."

"வளைவுல?"

"நாப்பது. கேட் மூடியிருக்கற நேரம்ங்க இது. அப்பவும் நாப்பது."

வேறு யாரிடமோ இதே எண்ணில் இன்னொரு பெட்டி இருக்க வேண்டும். அதுதான். அதுவேதான். அவளிடம் அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போதே என் மடியில் விளக்கு மின்னியது. போனைப் பார்த்தேன். பேட்டரி மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை. ஆறு சதவீதம்.

5:49. இந்தத் தடவை நானே கூப்பிட்டேன்.

"நம்ம தெருவுக்கு வந்தாச்சு," என்றாள். குரல் மாறியிருந்தது. "ஏங்க... விளையாடறீங்களா? பொடிசு ஜன்னல்ல நிக்கறா. நீங்கதானே?"

"நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. கதவைப் பூட்டு."

"தெருவுல காரே இல்லையே..."

"பூட்டு முதல்ல!"

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மூச்சு விட்டேன்.

"பூட்டிட்டேன். புள்ளி... நம்ம வாசல்ல நிக்குது. வேகம் சைபர்."

5:52.

மடியில் விளக்கு மின்னியது. இந்தத் தடவை அணையவில்லை.

போனில் எங்கள் வீட்டு மணி கேட்டது.

ஒரு தடவை.

"திறக்காதே," என்றேன்.

"நான் திறக்கலை..." என்றாள். அப்புறம் அலறினாள். "ஏய்! பொடிசு! வேணாம்!"

தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

மழைச் சத்தம் பெரிதானது.

"யாரு? யாரு நிக்கறா?"

"யாரும் இல்ல... யாருமே இல்லைங்க..."

கதவு சாத்தும் சத்தம். மெதுவாக.

"நீ சாத்தினியா?"

"இல்ல..."

போன் அணைந்தது.

அந்த வளைவில் நான் போட்ட கூச்சல் எனக்கே நினைவில்லை. 6:03க்கு ஏணி வந்தான். என் முகத்தைப் பார்த்ததும் என்னை ஏற்றிக்கொண்டு வேனை விரட்டினான். அவன் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை. "எடுப்பா... இப்ப எடுப்பா..." என்று ஏணி சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

7:08. கதவைத் தட்டினேன். மனைவி திறந்தாள்.

இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

"போனை ஏன் எடுக்கலை?"

"போன் அடிக்கவே இல்லையே," என்றாள்.

பொடிசு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, நீ ஏன் ரெண்டு தடவை வர்றே?"

அன்று யாரும் தூங்கவில்லை. மூன்று பேரும் ஏணி வீட்டில் படுத்தோம்.

மறுநாள் காலை பெட்டியின் நினைவகத்தைத் திறந்தேன். பழைய சொந்தக்காரரின் பதிவுகள் உள்ளே இருந்தன. அவற்றில் கடைசி வரி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. நேரம் 4:52. இடம் பதினோராவது வளைவு. வேகம் நாற்பது.

பெட்டியை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு அதைப் பார்த்ததுமே முகம் வெளுத்துவிட்டது.

"வண்டி கீழே போயிடுச்சு சார். மழை. வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தாரு. வண்டியில கிடந்த பெட்டியை அப்புறமா வீட்ல குடுத்திருக்காங்க. அவர் சம்சாரம்தான் எங்கிட்ட வித்தது."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியல சார். அவர் போனதுக்கப்புறம், இதை விக்கறதுக்கு முன்னாடியே, அவங்க ரெண்டு வீடு மாறினாங்க. பெட்டியில வீட்டு இடத்தை மாத்தி மாத்தி எழுதிப் பார்த்தாங்களாம். எதை எழுதினாலும்..." நிறுத்தினார். "கடைசியில அழிச்சுட்டாங்க. விக்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. வாங்கறவங்க எதை வேணா மாத்தட்டும், வீடுன்னு இருக்கற இடத்துல மட்டும் எதுவும் எழுத வேண்டாம்னு சொல்லிடுங்கன்னாங்க."

"நீங்க சொல்லவே இல்லையே!"

"மறந்துட்டேன் சார்," என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

அன்றே அந்தக் கட்டத்தை அழித்தேன். பெட்டியைச் சுத்தியலால் உடைத்தேன். எல்லாம் ஆயிற்று.

பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அன்றைய பதிவை முழுக்கப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. இந்த மாதிரிப் பெட்டி பத்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். கூரைக்கு அடியில் போனால் ஒன்றும் காட்டாது. அன்றைக்கு அறை அறையாகக் காட்டியிருந்தது.

5:52, வாசல். 5:53, கூடம். 5:54, சமையலறை. 5:56, எங்கள் படுக்கையறை.

6:04, பொடிசின் அறை. வேகம் சைபர்.

அதுதான் கடைசி வரி. அந்த அறையைப் பூட்டிவிட்டோம். அவள் எங்களோடுதான் படுக்கிறாள். வீட்டை விற்கப் பார்க்கிறோம். வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பதிவை நூறு தடவையாவது படித்திருப்பேன். உள்ளே வந்ததற்கு வரி இருக்கிறது.

வெளியே போனதற்கு இல்லை.